பதினைந்து வருட அனுபவம் இருந்தும் ஏன் தவறான பக்கம் ஏறுகிறோம்?

இங்கே துபாயில் லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகாத நம் ஊர்த் தம்பி ஒருவர், அதிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து, வலது பக்கம் போக வேண்டிய காலியான சாலையில் இடது பக்கமாக ஏறிவிட்டார். எதிரே ஒரு பிக்கப். கார் நொறுங்கியது, நல்லவேளை ஆள் தப்பினார். இங்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"ஊர்ல பதினைஞ்சு வருஷம் ஓட்டியிருக்கேன் அண்ணே. இங்கே வலது பக்கம், அவ்வளவுதானே?" என்பார்கள். அந்தப் பதினைந்து வருடம்தான் சிக்கலே. நெரிசலில் யாரும் பக்கம் மாறிப் போவதில்லை, முன்னால் போகிற வண்டியே வழிகாட்டிவிடும். சாலை காலியாக இருக்கும்போதுதான் கை பழைய பழக்கத்துக்குப் போகும். பார்க்கிங்கை விட்டு வெளியே வரும்போது, யூ டர்ன் முடிந்தவுடன், சின்னத் தெருவுக்குள் இடப்பக்கம் திரும்பும்போது. அதுவும் பயந்து பயந்து ஓட்டும் முதல் வாரத்தில் நடக்காது. பயம் தெளிந்து, வீட்டு நினைப்போடு ஓட்டத் தொடங்கிய பிறகு நடக்கும். ஊரில் ஸ்டீயரிங்கே தொடாமல் வந்து இங்கே முதன்முதலாகக் கற்ற பெண்கள் இந்தத் தவறைச் செய்து நான் பார்த்ததில்லை. மறக்க வேண்டியது அவர்களுக்கு எதுவும் இல்லை.

ரவுண்டானாவிலும் இதே கதைதான். உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை, அவர் உங்கள் இடது கைப் பக்கமிருந்து வருவார். நம் தலையோ தானாக வலப்பக்கம் திரும்பும். அங்கே யாரும் இல்லை என்று ஆக்சிலரேட்டரை மிதித்துவிடுவோம். "முதலில் இடது" என்று வாய்விட்டே சொல்லிப் பழகுங்கள். நடந்து சாலையைக் கடக்கும்போதும் அப்படியே.

இங்கே வேகமாகப் போகிறவர்களுக்கான இடது ஓரத் தடத்தில் பின்னால் வருகிறவர் லைட் அடித்தால் ரோஷப்படாதீர்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம் வலப்பக்கம் ஒதுங்குங்கள். கண்ணாடியை மட்டும் நம்பித் தடம் மாறாதீர்கள், இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றுகிறது.

துபாயில் பலகையில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விட்டுவிடும். அந்தத் தைரியத்தில் அபுதாபிக்குள் போகாதீர்கள். அங்கே இந்தச் சலுகையை 2018-லேயே எடுத்துவிட்டார்கள். 140 என்றால் 140தான்.

ஸ்கூல் பஸ் "ஸ்டாப்" என்ற பலகையை நீட்டினால் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நின்றே ஆக வேண்டும். தவறினால் 1,000 திர்ஹாம் அபராதம், லைசென்ஸில் 10 கரும்புள்ளி. நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

லீவுக்கு ஊருக்குப் போனால் எல்லாம் தலைகீழ். ராத்திரி விமானத்தில் தூங்காமல் வந்து இறங்கி, ஏர்போர்ட்டிலேயே மச்சானிடம் சாவியை வாங்காதீர்கள். அன்றைக்கு அவரே ஓட்டட்டும். மறுநாள் பகலில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, தெரு முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போங்கள்.