கட்டி முடித்த காசுக்கு 720 வெள்ளி பாக்கியா?

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு பலகாரக் கடையில் உட்கார்ந்து பிரிண்டரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பால்மரம் சீவி ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் நான்காக மடித்த இரண்டு ரசீதுகள். ஒன்று முன்பணம் 100 வெள்ளி (ரிங்கிட்). இன்னொன்று பலகாரம் எடுத்த அன்று கொடுத்த 140 வெள்ளி. அவருடைய ஆர்டரே மொத்தம் 240 வெள்ளிதான். ஆனால் பேரனுடைய கைப்பேசிக்குக் கடையிலிருந்து வாட்ஸ்அப் போயிருந்தது: பாக்கி 720 வெள்ளி, உடனே கட்டவும்.

"ஏம்மா, நான் கட்டிட்டேனே. வேற யாராச்சும் என் பேர்ல வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார். கடைக்கார அக்கா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்ற தம்பிதான் அந்தப் பாக்கி அறிக்கையை எழுதியவர். கெட்டிக்காரப் பையன், கல்லூரியில் கணினி படிக்கிறார். அவர் சொன்னது: "குவெரியில எரர் ஒன்னும் வரலையே அண்ணே."

இந்த வருடம் இதே பதிலை நான் கேட்கும் மூன்றாவது கடை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

எரர் வரவில்லை என்றால் நீங்கள் எழுதிய குவெரியில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் வாக்கியத்தில், இலக்கணப் பிழை இல்லை, நீங்கள் பெயர் சொன்ன டேபிள்கள் (தகவல் அட்டவணைகள்) இருக்கின்றன, அவ்வளவுதான். நீங்கள் கேட்க நினைத்ததைத்தான் கேட்டீர்களா என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. குவெரி எழுதப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழியின் முதல் வடிவத்தை 1974-இல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்டபோது, புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் வாக்கியம் போல எழுதிக் கேட்கட்டும் என்றுதான் வடிவமைத்தார்கள். வாக்கியம் போலப் படிக்க முடிவதால், படித்துப் பார்த்து "சரியாத்தானே இருக்கு" என்று நம்பிவிடுகிறோம். தப்பு வாக்கியத்தில் தெரியாது, வரிகளின் எண்ணிக்கையில்தான் தெரியும்.

அந்தப் பாட்டியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆர்டர் டேபிளில் அவருக்கு ஒரு வரி: 240 வெள்ளி. பொருள் டேபிளில் மூன்று வரிகள்: முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி. பணம் கட்டிய டேபிளில் இரண்டு வரிகள்: 100, 140. தம்பி மூன்று டேபிளையும் ஆர்டர் எண்ணை வைத்து ஒரே ஜாயினில், அதாவது டேபிள்களின் வரிகளைச் சேர்க்கும் கட்டளையில், இணைத்தார். அப்போது என்ன நடக்கிறது? முறுக்கு வரியோடு 100 ஒரு முறை, 140 ஒரு முறை. அதிரசத்தோடு மறுபடி 100, 140. ஓமப்பொடியோடும் அப்படியே. ஆக ஆறு வரிகள். ஆறு வரியிலும் 240 என்ற ஆர்டர் தொகை உட்கார்ந்திருக்கிறது. அதை சம் போட்டால், அதாவது கூட்டச் சொன்னால், 1440. கட்டிய 240 வெள்ளி மூன்று முறை வருவதால் அது 720. கழித்தால் மிச்சம் 720 வெள்ளி பாக்கி. கம்ப்யூட்டர் கூட்டியதில் ஒரு சென் தப்பில்லை. கூட்டக் கொடுத்த வரிகள்தான் தப்பு.

இதைக் காட்டியதும் தம்பிக்குப் புரிந்தது. உடனே என்ன செய்தார் தெரியுமா? சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போட்டார். பாட்டியின் பாக்கி பூஜ்யம் ஆனது. "சரியாயிடுச்சு அண்ணே!" என்றார்.

ஆகவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த வைத்தியத்தைப் பார்த்துத்தான், ஏனென்றால் இது நோயை மறைத்துவிடுகிறது. தொகை மீது டிஸ்டிங்க்ட் போட்டால் ஒரே மாதிரி இருக்கும் தொகைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். பாட்டி கட்டியது 100-ம் 140-ம், இரண்டும் வேறு வேறு எண்கள் என்பதால் தப்பித்தார். அடுத்த வரியில் இருந்தவர் 180 வெள்ளி ஆர்டருக்கு 90, 90 என்று இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார். டிஸ்டிங்க்ட் ஒரு தொண்ணூறை விழுங்கிவிட்டது. அவருக்கு இப்போது 90 வெள்ளி பாக்கி என்று காட்டியது. இன்னொருவர் 90 வெள்ளிக்கு இரண்டு ஆர்டர் கொடுத்து ஒரே ஒரு முறைதான் காசு கட்டியிருந்தார். அவருக்குப் பாக்கியே இல்லை என்றது. அங்கே நஷ்டம் அக்காவுக்கு. சம்பளத்தில் பாதி பாதியாகக் கட்டும் தோட்டத்து மக்களுக்குச் சமமான இரண்டு தவணை என்பது எப்போதாவது வரும் விஷயமா? அதுதானே வழக்கம்!

எத்தனை ஆர்டர் என்று எண்ணும்போது ஆர்டர் எண் மீது டிஸ்டிங்க்ட் போடுங்கள், அது முறை. ஏனென்றால் ஆர்டர் எண் ஒன்றுக்கு ஒன்று வேறுபடும். காசு அப்படி இல்லை. காசு மீது டிஸ்டிங்க்ட் போடாதீர்கள். ஒருபோதும் போடாதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் கூட்டு, பிறகு இணை. பணம் கட்டிய டேபிளைத் தனியாக எடுத்து, ஆர்டர் எண் வாரியாகப் பிரிக்கும் குரூப் பை போட்டு சம் எடுங்கள். இப்போது ஒரு ஆர்டருக்கு ஒரு வரிதான் இருக்கும். அதை உள் குவெரியாக வைத்து ஆர்டர் டேபிளோடு இணையுங்கள். ஒரு வரிக்கு ஒரு வரி, பெருக இடமில்லை. பாக்கி பார்க்கப் பொருள் டேபிள் தேவையே இல்லை. தேவையில்லாத டேபிளை "இருக்கட்டுமே" என்று இழுத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. சாதாரண ஜாயின் போட்டால், ஒரு வெள்ளிகூடக் கட்டாதவருக்குப் பணம் டேபிளில் வரியே இருக்காது. அதனால் பாக்கி அறிக்கையிலிருந்து அவரே காணாமல் போவார். யாரைத் தேடுகிறோமோ அவரே இல்லை! பணம் டேபிளில் வரி இல்லாவிட்டாலும் ஆர்டரை விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போடுங்கள். போட்டாலும் அவருடைய கட்டிய தொகை பூஜ்யமாக வராது, நல் (NULL), அதாவது மதிப்பே இல்லை என்று வரும். 240-இலிருந்து நல்லைக் கழித்தால் 240 வராது, நல்தான் வரும். அப்புறம் மொத்தம் போடும்போது சம் அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கோஅலெஸ் போட்டு நல்லைப் பூஜ்யமாக்கிய பிறகே கழியுங்கள். கழிவு கொடுக்கும் கட்டத்தை வெறுமையாக விடும் கடைகளிலும் இதே கதைதான்.

அடுத்தது, பெயரை வைத்து குரூப் பை போடுவது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒரே தோட்டத்தில் இரண்டு முனியம்மா இருப்பார்கள், இருவர் கணக்கும் ஒன்றாகிவிடும். ஒரே லெட்சுமியை ஒரு நாள் லெட்சுமி என்றும், மறுநாள் லட்சுமி என்றும், மூன்றாம் நாள் இனிஷியல் சேர்த்தும் எழுதியிருப்பார்கள், ஒருவரே மூன்று வாடிக்கையாளர் ஆகிவிடுவார். வாடிக்கையாளர் எண்ணை வைத்துப் பிரியுங்கள். பெயர் பார்ப்பதற்கு மட்டும்.

பெயரில் குரூப் பை போட்டுவிட்டு, பக்கத்தில் தொலைபேசி எண்ணையும் காட்டச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் மறுக்கும். 5.7 பதிப்பிலிருந்து அந்தக் கட்டுப்பாடு இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. இரண்டு முனியம்மாவில் யாருடைய எண்ணைக் காட்டுவது என்று அது நியாயமாகக் கேட்கிறது. நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? இணையத்தில் தேடி அந்தக் கட்டுப்பாட்டையே அணைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஏதோ ஒரு எண் வரும். முதல் முனியம்மாவின் பாக்கி இரண்டாவது முனியம்மாவின் வீட்டுக்குப் போகும். ஒரு குடும்பத்தின் கடன் இன்னொரு குடும்பத்துக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. லயத்தில் பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நமக்குத் தெரியாதா? அந்த எரரை அணைக்காதீர்கள். உங்களுக்கு உதவும் எரர் அது.

வரிசைப்படுத்துவதைப் பற்றி. வரிசையைக் கேட்கும் ஆர்டர் பை எழுதாவிட்டால் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. 1970-இல் எட்கர் காட் என்ற கணினி ஆய்வாளர் முன்வைத்த, இந்தத் தரவுத்தளங்களுக்கு அடிப்படையான உறவு மாதிரியிலேயே டேபிள் என்பது ஒரு கணம், கணிதத்தில் படித்த அதே கணம். அதில் முதல், கடைசி என்று எதுவும் இல்லை. "முன்னாடி வரிசையா வந்துச்சே" என்பவர்களுக்கு: பழைய மைஎஸ்க்யூஎல் குரூப் பை போட்டாலே வரிசைப்படுத்தியும் கொடுத்துவிடும். 2018-இல் வந்த 8.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். கடை கம்ப்யூட்டரை மாற்றியதும் அறிக்கை கலைந்து போனதற்குக் காரணம் அதுதான், வைரஸ் இல்லை.

தொகையை எழுத்தாகச் சேமித்தால் அதுவும் கலையும். பெரிய ஆர்டர் மேலே வரட்டும் என்று கேட்டால் 90, 720, 240, 1200 என்று வரும். முதல் எழுத்தைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது. 1200 வெள்ளிக்கு வாங்கியவர் கடைசியில் நிற்பார். காசுக்கு டெசிமல் வகை, அதாவது தசம எண்ணை அப்படியே சேமிக்கும் வகை, போடுங்கள். தோராயமாகச் சேமிக்கும் ஃபுளோட் வேண்டாம், பத்து சென் தொகையைக்கூட அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. 5 சென்னுக்குச் சரிக்கட்டும் முறை 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அது ரொக்க பில்லின் மொத்தத்துக்கு மட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் இல்லை. அந்த வித்தியாசத்தைத் தனிக் கட்டத்தில் வைத்தால் இரவில் கல்லாவோடு கணக்கு ஒத்துப்போகும்.

தேதி விஷயம் தோட்டப் பட்டணத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். அக்டோபர் 1 முதல் 31 வரை என்று பிட்வீன் போட்டால், நேரமும் சேர்ந்த கட்டத்தில் 31 என்பது அன்று நள்ளிரவு 12 மணி, அதாவது 31-ஆம் தேதி தொடங்கும் நொடி. அன்றைய பகல் முழுவதும் வெளியே போய்விடும். 2024-இல் தீபாவளியே அக்டோபர் 31-இல்தான் வந்தது. அன்று காலை வாசலில் நின்று வாங்கியவர்களின் கணக்கு ஒரு கடையில் மாத அறிக்கைக்கு வரவே இல்லை. அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்கு மேலும், நவம்பர் 1-க்கு முன்பு வரை என்று எழுதுங்கள்.

இன்னொன்று, வாடகை சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம், தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 முதல் அப்படித்தான். நவம்பர் 1 காலை 6.15-க்கு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டால் சர்வரில் அது அக்டோபர் 31 இரவு 10.15. நகரத்துக் கடையில் காலை எட்டு மணிக்கு முன் ஆர்டர் வருவது குறைவு, யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் ஊரில் விடியலில்தான் பாதிப் பேர் ஆர்டர் போடுகிறார்கள். நாள் வாரியாகக் கூட்டுவதற்கு முன் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றுங்கள்.

என் அப்பா தோட்டத்து ஆபீசில் செக்ரோல் கிராணியாக, அதாவது வேலை நாள், சம்பளப் பதிவேட்டை எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். மாதக் கடைசியில் செக்ரோலை இடமிருந்து வலமாக ஒரு முறை கூட்டுவார், மேலிருந்து கீழாக ஒரு முறை கூட்டுவார். வலது கீழ் மூலையில் இரண்டும் ஒத்துப்போகாமல் சம்பளப் பேரேட்டில் கை வைக்க மாட்டார். கால்குலேட்டர் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு வெள்ளி குறைந்தால் ஒரு வீட்டில் அரிசி குறையும் என்பார்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள், தம்பி தங்கைகளே. ஜாயின் போடுவதற்கு முன் எத்தனை வரி, போட்ட பின் எத்தனை வரி என்று கவுண்ட் எடுங்கள். கூடியிருந்தால் ஏன் என்று தெரியும் வரை சம் போடாதீர்கள். ஆர்டர் டேபிளை மட்டும் வைத்து மொத்தத்தைக் கூட்டுங்கள். அறிக்கையின் எல்லாப் பிரிவுகளையும் கூட்டி வருவது அதே தொகையாக இருக்க வேண்டும். ரத்தான ஆர்டர்களை, நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் முதலிலேயே கழித்துவிடுங்கள். ஏஐயிடம் கேட்டு வாங்கிய குவெரியானாலும் இதே சோதனைதான், அதற்கும் உங்கள் டேபிளில் ஒரு ஆர்டருக்கு எத்தனை தவணை என்று தெரியாது.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாக்கிச் செய்தியைத் தானாக அனுப்பும் வசதியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பட்டியலை அச்சடித்து, பாக்கி ஆர்டர் தொகையைவிடக் கூடுதலாக இருக்கும் பெயர்களை முதலில் பாருங்கள். 240 வெள்ளிக்கு வாங்கியவர் 720 வெள்ளி பாக்கி வைக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க எஸ்க்யூஎல் தெரிய வேண்டியதில்லை, கடை நடத்தத் தெரிந்தால் போதும்.

அன்று சாயங்காலமே குவெரியைத் திருத்தினோம். பாக்கிப் பட்டியலில் 61 பெயர் இருந்தது 14 ஆனது. மீதி 47 பேருக்கும் அக்கா தானே போன் போட்டுப் பேசினார். பாட்டியின் ரசீதுகளைத் தம்பி படம் எடுத்து வைத்திருக்கிறார். அறிக்கையில் கை வைக்கும்போதெல்லாம் முதலில் அந்த ஆர்டர் எண்ணைப் போட்டுப் பார்க்கிறார், பூஜ்யம் வருகிறதா என்று.