பாண்டியில் வாங்கிய மிஷினுக்குக் கடலூரில் புகார் கொடுக்கலாமா?

மோட்டார், பவர் டில்லர், மாவு மிஷின் என எதுவாக இருந்தாலும் பாண்டிக்குப் போய் வாங்கி வருவது கடலூர்ப் பக்கம் பழக்கம்தான். மிஷின் மக்கர் பண்ணும்போதுதான் தலைவலி. கடை அங்கே, வீடு இங்கே. பழைய 1986 சட்டப்படி, விற்றவரின் ஊருக்கோ பிரச்சினை எழுந்த இடத்துக்கோ போய்த்தான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்கலாம். பாண்டிக் கடை மீதான புகாரைக் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

ஆனால் மிஷின் வாங்கியவர் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் 'நுகர்வோர்' ஆகிவிட மாட்டார்கள். வியாபார நோக்கத்தில் வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும், மிஷினைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். முழுக்க ஆள் வைத்தே ஓட்டினால் நுகர்வோர் இல்லை. பண்ருட்டியில் வீட்டோடு முந்திரி உடைக்கும் மிஷின் போட்டுத் தானும் மனைவியுமாக உழைப்பவர் ஆணையத்துக்குப் போகலாம். இருபது ஆள் வேலை செய்யும் முந்திரி ஆலை முதலாளி சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

சரி, வாரண்டி என்றால் என்ன கிடைக்கும்? பலரும் நினைப்பதுபோல் பழுதானால் புது மிஷின் கிடைத்துவிடாது. கார்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான், பெரும்பாலும் கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது. பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும் வாரண்டியை வைத்து முழு வண்டியையே மாற்றிக் கேட்க முடியாது என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெல்ட், பிளேடு மாதிரி தேயும் சாமான்கள் பொதுவாக வாரண்டியில் சேராது.

கார்டுக்கு வெளியிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, எந்த வேலைக்கு மிஷின் வேண்டும் என்று சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்கு உதவ வேண்டும். "சேற்று வயலில் இழுக்கணும்" என்று சொல்வதோடு நிறுத்தாமல், கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். மாறாக, கம்பெனி பெயரையும் மாடலையும் சொல்லி "அதையே கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் கதை வேறு. நேரில் பார்த்து வாங்கினால், பார்வையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது. 'உள்ளது உள்ளபடி' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் கேள்வி கேட்கும் உரிமை இன்னும் சுருங்கும். நான் ஒருமுறை பழைய பம்ப் செட் வாங்கினேன். "ஒரு மாசம் கேரண்டி, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். பன்னிரண்டாம் நாள் காயில் எரிந்தது. போய்க் கேட்டால், "அப்படி யார் சொன்னது?" என்றார். பில்லில் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லாதது என் தப்பு. கம்பெனி வாரண்டி பாக்கி இருப்பதாகச் சொன்னால், அது இரண்டாவதாக வாங்குபவருக்கும் செல்லுமா என்று சீரியல் நம்பரோடு கம்பெனியிடமே கேட்டுவிடுங்கள். பழுது பார்த்த மிஷினைப் புதிது என்று சொல்லி விற்பதும் பில் தர மறுப்பதும் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள்.

புகார் கொடுக்க வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், கம்பெனி சர்வீஸ்காரர் வருவதற்குள் அவசரப்பட்டு வெளி மெக்கானிக்கை வைத்து மிஷினைப் பிரித்துவிடாதீர்கள். குறை இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரித்துப் போட்ட மிஷினை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?