தமிழ்த் தாளும் தெலுங்குப் பிள்ளையும்

ஓசூர்ப் பக்கம் தமிழாசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தெலுங்கில் ககர ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள், நமக்கோ ஒன்று. ‘குகை’ என்ற சொல்லில் ஒரே எழுத்து ஏன் இருவிதமாக ஒலிக்கிறது என்று ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். ஒன்றாம் வகுப்பில் தீர்ந்திருக்க வேண்டிய ஐயம் அது. ழகரம் ளகரமாவது, வல்லின ஒற்று விடுபடுவது என அவள் விடைத்தாளில் நான் சுழிக்கும் பிழைகளில் பாதி, அவளுக்கு யாரும் கற்றுத்தராதவை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. பத்தாண்டு கற்பித்த பிறகே தேர்வு என்ற அந்த ஏற்பாட்டை நான் மனதார ஏற்கிறேன். இந்த மண்ணில் வாழும் குழந்தைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஆனால் நான் அறிந்த சிறுபான்மை மொழிவழிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியர் பணியிடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. கணக்கு ஆசிரியர் ஓய்வு நேரத்தில் அ, ஆ சொல்லிக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளும் பொதுத்தேர்வில் தமிழில் 35 மதிப்பெண் வாங்கியாக வேண்டும் என்றால், கற்பிக்காதவர்களின் குற்றத்துக்குக் குழந்தை தண்டனை பெறுகிறது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் போனதும், பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலிருந்து ஆண்டுதோறும் விலக்குக்காகக் காத்திருந்ததும், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டு விலக்கு நீட்டித்ததும் இதனால்தான். தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது தமிழா, தாய்மொழியா என்று தெரியாமல் படித்த பிள்ளைகளின் தவிப்பை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு. வாணியம்பாடியின் உருதுக் குழந்தைக்கும், கூடலூரின் மலையாளக் குழந்தைக்கும், தாளவாடியின் கன்னடக் குழந்தைக்கும் இது பொருந்தும். சிறுபான்மை மொழிவழியில் படித்தவர்களுக்குக் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் வினாத்தாள்கள் அந்தந்த மொழியிலேயே வர வேண்டும். வினாத்தாளைப் படிக்கத் தரும் முதல் பத்து நிமிடத்தில், மொழி மாறியிருந்தாலோ மொழிபெயர்ப்பு புரியாவிட்டாலோ உடனே கண்காணிப்பாளரிடம் சொல்லும்படி என் மாணவர்களைப் பழக்குகிறேன். பேசத் தயங்கும் பிள்ளைகளை வகுப்பிலேயே எழுந்து நின்று சொல்லிப் பார்க்க வைக்கிறேன்.

அதற்கும் முன்னால் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொதுத்தேர்வு எழுதுவோர் குறித்துப் பள்ளி அனுப்பும் பெயர்ப் பட்டியலில் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்றுமொழி, மொழிப்பாடம் என்ற இரண்டு கட்டங்களையும் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தலைமையாசிரியரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை பூ விற்கும் தந்தை ஒருவர் அப்படிக் கேட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து தெலுங்கு வழியில் படித்த மகளுக்குப் பயிற்றுமொழி ‘தமிழ்’ என்று பதிவாகியிருந்தது. அன்று மாலைக்குள் திருத்தினோம். கணிதத் தேர்வன்று அவள் கைக்குத் தெலுங்கு வினாத்தாள் வந்தது.