பாறையில் வெந்நீர் ஊற்றாதீர்கள்: பாலித்தோவாவின் நச்சு எப்படி வேலை செய்கிறது

மரைன் டேங்க், அதாவது கடல்நீர் மீன்தொட்டி, வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: தொட்டிப் பாறை முழுக்கப் பழுப்பு நிறத்தில் 'பாலி' (பாலித்தோவா என்ற, பவளத்துக்கு உறவான கடல் உயிரினம்) பரவி மற்ற பவளங்களை மூடிக்கொண்டே வருகிறது, பாறையை வெளியே எடுத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துவிடலாமா என்று. கூடவே கூடாது. இதை உடனே அவருக்கு எழுதிவிட்டேன். ஏன் கூடாது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒருவர் அப்படியேதான் செய்தார். பாறையில் ஒட்டியிருந்த பாலித்தோவாவைக் கொல்ல வெந்நீர் ஊற்றினார், எழுந்த ஆவியை சுவாசித்தார், மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குப் போனார். பின்னர் ஆய்வாளர்கள் அந்த இனத்தைச் சோதித்தபோது ஒவ்வொரு கிராம் சதையிலும் மில்லிகிராம் கணக்கில் பாலிடாக்சின் என்ற நச்சு இருந்தது. எலியின் ரத்தத்தில் செலுத்தினால் கிலோ எடைக்கு சுமார் 0.15 மைக்ரோகிராமே உயிரைக் குடிக்கும் என்பதோடு சேர்த்துப் பாருங்கள், அந்த மில்லிகிராமின் கனம் புரியும். 2014இல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் வீட்டுத் தொட்டிக்குப் பாறை மாற்றியவர்களுக்கு வாயில் உலோகக் கசப்பு, காய்ச்சல், இருமல். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒருவர் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய்க் குடும்பமே மருத்துவமனையில், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் அவர்களோடு.

பாலித்தோவா, சோவாந்தஸ் இரண்டும் நெருங்கிய உறவுக்காரர்கள் (குடும்பம் வேறு, உயிரியல் வரிசை ஒன்று), சுண்ணாம்பு எலும்புக்கூடு கிடையாது, சட்டைப் பொத்தான் அளவில் தட்டையான வாயும் சுற்றிலும் குட்டை உணர்கொம்புகளுமாகக் கூட்டமாக ஒட்டி வளரும். பாலித்தோவா தன் சதைக்குள்ளேயே மணலைப் பதித்துக்கொள்ளும், அதனால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். சோதித்த மாதிரிகளில் எல்லாமே நச்சு அல்ல, பளிச்சென்ற நிறமுள்ள சோவாந்தஸ் பலவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கண்ணால் பார்த்து இது ஆபத்தானது, இது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றையும் நச்சு என்றே வைத்துக் கையாள வேண்டும்.

சரி, இந்த நச்சு உடம்பில் என்ன செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்காது, அதைக் கட்டிக் காப்பது செல் சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம். நரம்பு, தசை, இதயத் துடிப்பு எல்லாமே இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் ஓடுகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பின் சக்தியில் கணிசமான பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது.

பம்ப்புக்கு உள்பக்கம் ஒரு கதவு, வெளிப்பக்கம் ஒரு கதவு. முதலில் உள்கதவு திறந்திருக்கும், மூன்று சோடியம் அயனிகள் ஏறும். செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டைக் கொடுத்ததும் உள்கதவு மூடும், அதன் பிறகுதான் வெளிக்கதவு திறந்து சோடியம் வெளியேறும். இரண்டு பொட்டாசியம் ஏறிக்கொள்ளும், வெளிக்கதவு மூடும், பாஸ்பேட் கழன்றதும் உள்கதவு மறுபடி திறக்கும். இந்தச் சுற்று நொடிக்கு நூறு தடவைபோல நடக்கும். இதில் எந்தக் கணத்திலும் இரண்டு கதவும் சேர்ந்து திறக்காது, பம்ப்பின் உயிரே அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

பாலிடாக்சின் வெளிப்பக்கமாக வந்து பம்ப்பில் ஒட்டிக்கொள்கிறது. அது பம்ப்பை அடைப்பதில்லை, உடைப்பதும் இல்லை. இரண்டு கதவுகளுக்கும் இடையே இருக்கும் பேச்சை அறுத்துவிடுகிறது. ஒன்று திறந்திருப்பது மற்றதற்குத் தெரியாது, ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க முடிகிறது. நொடிக்குச் சில நூறு அயனிகளை முக்கி முனகிச் சுமந்த புரதம் இப்போது வெறும் குழாய், அதன் வழியாக நொடிக்கு லட்சக்கணக்கில் அயனிகள் பாய்கின்றன. தோணிக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்த ஆளே அடிப்பலகையைப் பிடுங்கிப் போட்டது மாதிரி. ஒரு செல்லில் உள்ள பம்ப்புகளில் வெகு சிலவே இப்படி ஆனாலும் போதும், மிச்சமுள்ளவை எவ்வளவு இறைத்தாலும் ஈடுகட்ட முடியாது. பொட்டாசியம் வெளியே போகும், சோடியம் உள்ளே வரும், அதன் பின்னாலேயே கால்சியம் நுழையும், தசைகள் இறுகிக்கொள்ளும். ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைகளும் இறுகும், இதயத்துக்குப் போகும் ரத்தம் குறையும். தசை நார்கள் சிதைந்து ரத்தத்தில் கலப்பதும் உண்டு.

நச்சு பிடிப்பது இந்தப் பம்ப்பைத்தான் என்று எப்படித் தெரியும்? 1990களில் செய்த ஒரு சோதனை எனக்கு இன்றும் ஆச்சரியம் தருகிறது. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கு இந்தப் பம்ப் கிடையாது, அதனால் பாலிடாக்சினைக் கொட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆட்டின் பம்ப் ஜீனை ஈஸ்டுக்குள் வைத்தார்கள். இப்போது அதே நச்சைக் கொடுத்ததும் ஈஸ்டிலிருந்து பொட்டாசியம் ஒழுகத் தொடங்கியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்தப் பம்ப்பை 1957இல் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ எதை ஆராய்ந்தார் தெரியுமா? நண்டின் கால் நரம்பை. நாற்பது ஆண்டு கழித்து, 1997இல் நோபல் பரிசு வந்தது. இன்று ஒருவர் நண்டுக்கால் நரம்புக்கு நிதி கேட்டால் 'இதனால் என்ன பயன்' என்ற கேள்வியைத் தாண்டி அந்த விண்ணப்பம் நகராது. பயன் தெரியாத ஆராய்ச்சிக்கும் அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நச்சின் கதை ஹவாயில் தொடங்குகிறது. மவி தீவின் ஹானா அருகே ஒரு கடற்கரைக் குட்டையில் வளரும் 'சாவுப் பாசி'யை ஈட்டி முனையில் தடவினால் பட்டவர் பிழைக்க மாட்டார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும், அந்தக் குட்டையை யாரும் தொடக் கூடாது என்ற விலக்கும் இருந்தது. 1961 டிசம்பர் 31 அன்று ஆய்வாளர்கள் மாதிரி எடுத்தார்கள், அதே நாளில் அவர்களுடைய கடல் ஆய்வுக்கூடக் கட்டடம் எரிந்துபோனது. சாபம் என்று இன்றும் எழுதுகிறார்கள். தீ தற்செயல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 'தொடாதே' என்ற அந்த விலக்குக்குள் மெய்யான அனுபவ அறிவு இருந்தது, மூடநம்பிக்கை என்று அதையும் சேர்த்துத் தள்ளிவிடுவது தவறு. பாசி என்று அழைக்கப்பட்டது உண்மையில் ஒரு பாலித்தோவா. 1971இல் ரிச்சர்ட் மூரும் பால் ஷோயரும் அதிலிருந்து பாலிடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள்.

இனி தொட்டிக்கு வருவோம். இந்த மூலக்கூறு கொதிநீரில் அழியாது. வெந்நீர் உயிரினத்தைக் கொல்லும், நச்சை அப்படியே நீர்த்துளிகளில் ஏற்றி அறை முழுக்கப் பரப்பும். மைக்ரோவேவ், நீராவி, அழுத்த நீர், காயவைத்துச் சுரண்டுவது எல்லாமே இதே வகையில்தான் கேடு. வெட்ட வேண்டுமென்றால் தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள், வெளியே வெட்டினால் சாறு நேராகக் கண்ணில் பீய்ச்சும், கருவிழியையே அரித்துவிடும். நைட்ரைல் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி இரண்டும் கட்டாயம், கையில் சின்னக் கீறல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். குழந்தைகளும் நாயும் பூனையும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

பாறையையே கழித்துவிடுவது என்று முடிவெடுத்தால், ஈரம் காயும் முன் வாளித் தண்ணீரோடு வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். 5 முதல் 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள வீட்டு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, அப்போதே கலந்தது. அதில் பாறை முழுதும் மூழ்கி அரை மணி நேரமாவது கிடக்கட்டும். கத்தி, கையுறை, துடைத்த துணி எல்லாம் அதே கரைசலில். இந்த பிளீச் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. உப்புப் படிவம் நீக்க வினிகர் வைத்திருப்பீர்கள், அதையோ பாத்ரூம் ஆசிடையோ இதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அது வேறொரு ஆபத்து.

வேலை செய்யும்போது வாயில் உலோகக் கசப்பு தட்டினால் அந்த நிமிடமே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சலும் நடுக்கமும் சில மணி நேரம் கழித்தும் வரும், பார்ப்பவர் அதை சாதாரண ஃப்ளூ என்று நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மாற்று மருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. ஆகவே பவளத்தின் படத்தை போனில் காட்டி, 'பாலிடாக்சின்' என்ற பெயரைச் சொல்லி, ஈசிஜி, ரத்தப் பொட்டாசியம், தசைச் சிதைவைக் காட்டும் சிகே பரிசோதனை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.