டிராயரை உருவித் திருப்பிப் பாருங்கள்

பழைய ஐரோப்பிய சைட்போர்டு (சாப்பாட்டு அறையில் தட்டு, புட்டிகளை வைக்கும் டிராயர் உள்ள நீண்ட மேசை) வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். பளபளக்கும் மஹோகனி மரம், பித்தளைக் கைப்பிடி, வளைந்த முன்பக்கம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். ஆனால் முகப்பு என்பது இருநூறு ஆண்டுகளாகப் பலரும் தேய்த்து, சாயம் ஏற்றி, மெருகு போட்ட இடம். யாரும் கை வைக்காத இடங்கள் முதுகு, அடிப்பக்கம், டிராயரின் வயிறு. மரம் தன் வயதை அங்கேதான் எழுதி வைத்திருக்கிறது.

இந்த மேசை வகையின் பிறப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1760-களில் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம், செல்வர்களின் சாப்பாட்டு அறைக்காக ஒரு நீண்ட மேசையையும் அதன் இரு பக்கமும் தனித்தனிப் பீடங்களையும் வடிவமைத்தார். பீடங்களின் மேல் ஜாடிகள் நின்றன. ஒரு பீடத்துக்குள் தகடு பதித்துத் தட்டுகளைச் சூடாக வைத்தார்கள். 1780-களில் இவை ஒன்றாக இணைந்து, டிராயர்களும் கதவுகளும் கொண்ட ஒரே சாமான் ஆயின. மதுப்புட்டிகளுக்கான ஆழமான டிராயரின் உட்புறத்தில் ஈயத் தகடு அடித்திருப்பார்கள். அது இன்றும் அப்படியே இருந்தால் நல்ல அடையாளம்தான். ஆனால் அதற்குள் உணவுப் பொருள் எதையும் வைக்கக் கூடாது.

சரி, மரத்துக்கு வருவோம். வெட்டி, அறுத்து, உலர்த்திய பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் அதன் நார்ச்சுவர்கள் நீரை இழுத்து உப்புகின்றன, குறைந்தால் சுருங்குகின்றன. இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதுதான் முக்கியம். பச்சை ஓக் மரம் முழுக்கக் காயும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 9 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 5 சதவீதம்தான். நீளவாக்கில் சுருக்கம் கிட்டத்தட்ட இல்லை. வீட்டுக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் வராது. இருந்தாலும் ஐரோப்பியக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வறண்ட அறைக்கும் மழை நாளின் ஈரக் காற்றுக்கும் இடையே, 40 செ.மீ. அகலமான ஓக் பலகை 7 மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கக்கூடும்.

பழைய தச்சர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவே மாட்டார்கள். பள்ளிக்கூடச் சிலேட்டு அதன் மரச்சட்டத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பது போலப் பலகை பள்ளத்துக்குள் சுதந்திரமாக நிற்கும். அதனால் உண்மையான பழைய கதவின் பலகை ஓரத்தில் மெருகு படாத ஒரு மெல்லிய கோடு தெரிவதுண்டு. மெருகு போட்டபோது பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த பகுதி, பலகை சுருங்கியதும் வெளியே வந்திருக்கும். இந்தக் கோட்டைக் குறை என்று நினைத்து விலகுபவர்கள் உண்டு. எனக்கு அது நம்பிக்கை தரும் கோடு. பின்னாளில் யாராவது அந்தப் பலகையைப் பசையாலோ ஆணியாலோ இறுக்கிவிட்டால்தான் சிக்கல். அசைய வழியில்லாமல் பலகை நடுவில் பிளந்துவிடும்.

இதே இயற்பியலைக் கடைசல் பிடித்த கால்களிலும் பார்க்கலாம். கடைசல் இயந்திரத்தில் வட்டமாக வந்த கால், ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் சுருங்கிச் சற்று நீள்வட்டமாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. தடிமன் அளக்கும் காலிப்பர் கருவியை வைத்து இரண்டு திசைகளில் அளந்தால் 5 செ.மீ. தடிமனில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரலாம். இரண்டு அளவும் துல்லியமாக ஒன்றாகவே இருந்தால் அந்தக் கால் புதிதாக மாற்றப்பட்டதா என்று கேளுங்கள்.

இப்போது டிராயரை முழுதாக வெளியே உருவித் தலைகீழாகத் திருப்புங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அடிப்பலகையில் ரம்பத் தடங்கள் நேர்க்கோடுகளாக இருந்தால் கைரம்பத்தாலோ, மேலும் கீழும் ஓடும் ரம்பத்தாலோ அறுத்தது. வில் போல வளைந்த தடங்கள் என்றால் வட்ட ரம்பம். மரச்சாமான் பலகைகளுக்கு வட்ட ரம்பம் பரவலானது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே 1780-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ஒன்றில் வளைந்த தடம் இருந்தால் அந்தப் பலகையாவது பிற்காலத்தது. டிராயரின் மூலை இணைப்பில் விசிறி போல விரியும் பற்களையும் கவனியுங்கள். கையால் வெட்டியவை ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடும். பல் எங்கே முடிய வேண்டும் என்று தச்சர் கீறிய மெல்லிய கோடு அருகில் நிற்கும். அச்சில் வார்த்தது போல எல்லாப் பற்களும் ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை, பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு.

ஸ்க்ரூவைக் கழற்ற அனுமதி கிடைத்தால் விடாதீர்கள். பழைய ஸ்க்ரூக்களின் நுனி மொட்டையாக இருக்கும், தலையின் பிளவும் சரியாக நடுவில் இருக்காது. கூர் நுனி ஸ்க்ரூ செய்யும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 1846-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. 1854-இல் பர்மிங்ஹாமின் நெட்டில்ஃபோல்ட் நிறுவனம் அதன் உரிமையை வாங்கி இங்கிலாந்தில் தயாரிக்க ஆரம்பித்தது. ஆனால் ஸ்க்ரூ மாற்றக்கூடிய பொருள். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஓக் மரத்தில் இன்னொரு சாட்சி உண்டு, அதை ஏமாற்றுவது கடினம். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. இரும்பு ஆணி அதோடு ஈரத்தில் கலக்கும்போது கருநீல நிறச் சேர்மம் உருவாகிறது. பழைய எழுது மையின் அடிப்படையும் இதே வேதிவினைதான். பல பத்தாண்டுகள் ஆணி குடியிருந்த துளையைச் சுற்றிக் கருமை ஊறிப் பரவியிருக்கும். ‘பழைய’ ஆணி அடித்த ஓக் பலகை சுற்றிலும் வெளிறிச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுவது நியாயம்.

அப்புறம் பூச்சி. ஐரோப்பிய மரச்சாமான்களைத் துளைக்கும் வண்டின் புழு, வெளியே தெரியாமல் மூன்று நான்கு ஆண்டுகள் மரத்துக்குள்ளேயே தின்று வளர்கிறது. பிறகு வண்டாகி 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வட்டத் துளை போட்டுக்கொண்டு வெளியேறுகிறது. நாம் பார்க்கும் துளை அது வெளியேறிய வாசல் மட்டுமே. எனவே உண்மையான பழைய மேற்பரப்பில் வட்டத் துளைகள்தான் இருக்கும். வாய்க்கால் போல நீண்டு திறந்த சுரங்கங்கள் மேலே தெரிந்தால், ஏற்கெனவே உளுத்திருந்த மரத்தைப் பிற்காலத்தில் யாரோ அறுத்தோ இழைத்தோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய தரைப்பலகையில் புதிய ‘பழம்பொருள்’ செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. துளையிலிருந்து புதிதாக வெளிர்ப் பொடி உதிர்கிறதா என்று பார்க்க, அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரங்கள் விட்டுவைத்தால் போதும். மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே நிலைத்திருந்தால் புழுவுக்கு வாழ்வது கடினம்.

மெருகைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊர்ப் பக்கமும் வர வேண்டியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மரச்சாமான்களின் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு அரக்கிலிருந்து வந்தது. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அது. இந்தியக் காடுகளில் சேகரித்து, சுத்தம் செய்து, ஆல்கஹாலில் கரைத்துத் துணிப்பந்தால் பல அடுக்குகளாகத் தேய்த்தார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் அரக்கு மெருகு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். இந்த முறை இங்கிலாந்தில் பரவியது 1800-களின் தொடக்கத்தில் என்பதால், அதற்கு முந்தைய சாமானில் அரக்கு இருந்தால் அது பெரும்பாலும் பின்னால் போட்ட மெருகு. தண்ணீர்க் குவளை வைத்த வெள்ளை வளையத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் மெருகுக்குள் சிக்கிய ஈரம்தான், மரத்தைத் தொட்டிருக்காது. இணைப்புகளில் போட்ட வச்சிரப் பசையும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்தது. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். அதனால்தான் இருநூறு ஆண்டு பழைய இணைப்பையும் சேதமில்லாமல் பிரித்து மறுபடி ஒட்ட முடிகிறது. பிளைவுட் காலத்துச் சாமான்களில் இந்த வசதி கிடையாது, அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

எதை வாங்கலாம்? புழங்கும் வீட்டுக்கு விக்டோரியா காலத்து மஹோகனி சைட்போர்டைத்தான் நான் சொல்வேன். ஓக்கோடு ஒப்பிட்டால் மஹோகனி பாதியளவே சுருங்கும், எளிதில் கோணாது. அடர் பழுப்பு மரச்சாமான் இன்று மோஸ்தரில் இல்லாததால் விலையும் இறங்கியிருக்கிறது. வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டியதாக இருந்தால் விரல் நுனியால் பரப்பெங்கும் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலிக்கும் இடத்தில் பசை விட்டிருக்கிறது. முதுகில் கண்ணாடி உள்ள பழைய வகைகளில் சில்லுச் சில்லாக மினுங்கும் சாம்பல் நிறப் பூச்சு தென்பட்டால் அது தகரமும் பாதரசமும் கலந்த பழைய முறையாக இருக்கலாம். அதைக் கழற்றவோ சுரண்டவோ வேண்டாம்.

லண்டனிலோ பாரிஸிலோ வாங்கியதை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால், வந்த முதல் மாதங்களில் டிராயர்கள் இறுகும். அது ஈரத்தால் மரம் உப்புவது. உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னால், ஏசி ஓடும் அறையில் மரம் சுருங்கும்போது டிராயர் லொடலொடவென்று ஆடும். ஓட்டத்தடத்தில் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிட்டு ஓராண்டு பொறுத்துப் பாருங்கள்.