போடன்சே: ரைன் கொண்டு வர்ற தண்ணியும் ரைன் கொட்டுற மண்ணும்

ஆல்ப்ஸ் மலை வடக்கால இறங்கி முடியுற இடத்துல, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூணும் சேர்ற எடத்துல இருக்கு போடன்சே. கான்ஸ்டன்ஸ் ஏரின்னும் சொல்வாங்க. 536 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதிகபட்ச ஆழம் 251 மீட்டர். இவ்ளோ ஆழத்தை ஆறு மட்டும் தோண்டியிருக்க முடியாது, கடைசி பனியுகத்துல ரைன் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா இறங்கி வந்த பெரிய பனியாறு அடியில கல்லையும் மண்ணையும் இழுத்துக்கிட்டே அரைச்சு சுரண்டின பள்ளம் தான் இது. பனி உருகிப் போனதும் தண்ணி நின்னுடுச்சு.

இங்க கோடையில தான் ஏரி ஏறும்! மலைமேல பனி உருகுறதால ஜூன், ஜூலைல மட்டம் உச்சத்துக்குப் போயிடும், குளிர்காலக் கடைசியில தண்ணி இறங்கி கரையில கூழாங்கல் பரப்பு வெளிய தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரைன் ஏரிக்குள்ள நுழையுற இடம். சிமெண்ட் கரைச்ச மாதிரி சாம்பல் கலர்ல வர்ற ஆத்துத்தண்ணி கொஞ்ச தூரம் போய் கோடு போட்ட மாதிரி சட்டுனு காணாம போயிடும், அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் பச்சையா தெளிஞ்ச ஏரி, கோட்டு மேலயே மிதக்குற மரத்துண்டும் குப்பையும் ஒதுங்கி நிக்கும். கோடையில ஆத்துத்தண்ணி ஏரியோட மேல்தண்ணிய விட குளிர்ச்சி, போதாததுக்கு வண்டல் வேற, அதனால கனம் ஜாஸ்தி, நேரா கீழ முங்கிடுது. தன்னோட கனத்துக்கு சமமான தண்ணி எந்த ஆழத்துல இருக்கோ அங்க போய் பக்கவாட்டுல பரவும், வெள்ளம் வந்தா அடி வரைக்குமே போயிடும்.

இந்த வண்டல் தான் ஏரிக்கு உண்மையான பிரச்சனை. முன்னாடி ஏரி தெற்கால பள்ளத்தாக்குக்குள்ள ரொம்ப தூரம் நீண்டு கிடந்துச்சு, அதையெல்லாம் ரைன் தூர்த்து இன்னிக்கு வயலும் ஊருமா ஆயிடுச்சு. 1900ல ஆஸ்திரியாவுல ஃபுசாக்ங்கற ஊர் பக்கம் புது வாய்க்கால் வெட்டி ஆத்தை நேரா ஏரியில விட்டாங்க, உடனே அங்க புது டெல்டா வளர ஆரம்பிச்சு பக்கத்துல இருக்குற ஏரியோட பிரெகென்ஸ் விரிகுடாவே மூடிப்போற நெலமை, அப்புறம் ரெண்டு பக்கமும் கரை கட்டி ஆத்தோட வாயை ஏரிக்குள்ளயே நீட்டி, மண்ணு ஆழமான பகுதியில போய் விழுற மாதிரி பண்ணிட்டாங்க.

அந்த ஆழம் மனுஷனுக்கும் உபயோகமா இருக்கு. ஏரியோட வடமேற்குல சிப்லிங்கன்ங்கற ஜெர்மன் ஊர் கிட்ட 60 மீட்டர் ஆழத்துல இருந்து எடுக்குற தண்ணிய ஸ்டுட்கார்ட் உட்பட சுமார் 40 லட்சம் பேர் குடிக்கிறாங்க. மேல எவ்ளோ வெயில் அடிச்சாலும் அந்த ஆழத்துல 5 டிகிரி கிட்ட தான் இருக்கும், ரைன் கொண்டு வர்ற கலங்கலும் அவ்ளோ தூரம் போறதுக்குள்ள பெரும்பாலும் படிஞ்சு போயிடுது.