‘ஸ்பில்’ என்றால் கவிழ்ப்பு அல்ல

ஆஸ்திரேலியாவில் ஒரு கட்சித் தலைவரின் நாற்காலி ஆடத் தொடங்கினால் போதும், தமிழ்ச் செய்திகளில் ‘தலைமைத்துவக் கவிழ்ப்பு’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்த நாட்டு அரசியலில் ‘லீடர்ஷிப் ஸ்பில்’ என்று சொல்வதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். இதில் முதல் சொல்லும் தவறு, இரண்டாவது சொல்லும் தவறு.

ஸ்பில் என்பது பழைய ஆங்கிலத்தில் அழித்தல், கொல்லுதல். பிறகு குருதி சிந்துதல், அப்புறம் எந்த நீர்மமும் சிந்துதல், கொட்டுதல். ஆஸ்திரேலியர்கள் இதைக் கட்சிப் பதவிகளுக்குக் கொண்டுவந்தார்கள். கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி, தலைவர் பதவியில் இப்போது யாரும் இல்லை என்று ஆக்குவதுதான் ஸ்பில். புதிய தலைவருக்கான வாக்கெடுப்பு அதற்கு அடுத்த படி. நம்மூர் பொதுக்குழுவைப் போல மாவட்டம்தோறும் இருந்து வந்து கூடுவதில்லை. கூடுகிறவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே.

சரி, ‘கவிழ்ப்பு’ ஏன் ஆகாது? தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்சிதான் நினைவுக்கு வரும். 2015 செப்டம்பரில் லிபரல் கட்சித் தலைமைக்கான வாக்கெடுப்பில் மால்கம் டர்ன்புல் 54க்கு 44 என்ற கணக்கில் அப்போதைய பிரதமர் டோனி அபோட்டை வென்றார். பிரதமர் மாறினார், லிபரல்-நேஷனல் கூட்டணி ஆட்சி அப்படியே இருந்தது. அங்கே எந்த ஆட்சி கவிழ்ந்தது? இன்னும் சிலர் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்கிறார்கள். அது அவையில் எல்லாக் கட்சியும் வாக்களிப்பது. இது ஒரே கட்சியின் மூடிய கதவுக்குள் நடப்பது.

‘தலைமைப் போட்டி’ என்று எழுதினால் என்ன என்று கேட்பார்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று நடந்ததைப் பாருங்கள். அபோட்டுக்கு எதிராக, அமைச்சர் பதவியில் இல்லாத பின்வரிசை உறுப்பினர்கள் ஸ்பில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 61க்கு 39 என்று தோற்றது. எதிர்த்து நின்ற வேட்பாளர் ஒருவரும் இல்லை. போட்டியே நடக்காத ஒன்றைப் போட்டி என்று எப்படி எழுதுவது?

‘தலைமை நீக்கம்’ அதைவிட மோசம். 2018 ஆகஸ்ட் 21 அன்று டர்ன்புல்லே பதவி காலி என்று அறிவித்துவிட்டு, தாமே நின்று, பீட்டர் டட்டனை 48க்கு 35 என்று வென்றார். நீக்கப்பட்டவர் யார்? மூன்றே நாளில் மறுபடியும் ஸ்பில் தீர்மானம் வந்தது, 45க்கு 40 என்று நிறைவேறியது. டர்ன்புல் நிற்கவில்லை. அதன் பிறகே ஸ்காட் மோரிசன், டட்டன், ஜூலி பிஷப் மூவருக்கும் வாக்கெடுப்பு நடந்து மோரிசன் பிரதமரானார். காலியாக்குவது ஒரு வாக்கெடுப்பு, தேர்ந்தெடுப்பது இன்னொன்று. இந்த வேறுபாட்டைக் காட்டாத தமிழ்ச் சொல் வாசகரைக் குழப்பும்.

இன்னும் எரிச்சல் தருவது ‘தலைமைத்துவம்’. இலங்கைத் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்ட சொல், இப்போது எல்லாப் பக்கமும் பரவுகிறது. தலைமை என்பதிலேயே ‘மை’ ஈறு பண்பைக் காட்டி முடித்துவிட்டது. அதன்மேல் வடமொழி ‘த்துவம்’ எதற்கு? பெருமைத்துவம், இளமைத்துவம் என்று யாராவது சொல்கிறோமா? பயிற்சி வகுப்பு விளம்பரங்களும் மேலாண்மை நூல்களும் இதைக் கௌரவச் சொல்லாக்கிவிட்டன. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லில் எத்தனை அசை இருக்கிறதோ அத்தனை அசை தமிழிலும் வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலும். நிகழ்வு என்ன என்று பார்த்துவிட்டுச் சொல் தேடுகிறவர்கள் அருகிவிட்டார்கள். தலைப்பை மட்டும் படித்து, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போடுகிறார்கள்.

நான் சொல்வது ‘தலைமை வெற்றிடத் தீர்மானம்’. உறுப்பினர்கள் வாக்களிப்பது இதற்குத்தான். அது நிறைவேறினால் ‘தலைமைப் பதவி வெற்றிடமாக்கப்பட்டது’ என்று எழுதலாம். ‘காலியாக்கல்’ பேச்சுக்கு நெருக்கம்தான், தமிழ்நாட்டில் காலிப் பணியிடம் என்றே அரசு அறிவிப்புகளிலும் வருகிறது. ஆனால் காலி அரபியிலிருந்து வந்தது. நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை. வெற்றிடம் இலங்கைத் தமிழர்களுக்கும் அன்றாடச் சொல். வேலை வெற்றிடம் என்றுதான் அங்கே விளம்பரம் வரும்.

சொல் தெளிவாக இருந்தால்தான் அண்மைக்கால விதிகளும் புரியும். தொழிற்கட்சி 2013இல் விதியை மாற்றியது: பதவியிலுள்ள பிரதமரின் தலைமையை வெற்றிடமாக்க வேண்டுமானால் அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினர் மனுவில் கையெழுத்திட வேண்டும். லிபரல் கட்சி 2018 டிசம்பரில், தேர்தலில் வென்று வந்த பிரதமரின் தலைமையை வெற்றிடமாக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் ஆதரவு தேவை என்று வைத்தது. இரண்டு விதியும் கடினமாக்கியது வெற்றிடமாக்கும் படியைத்தான். ‘கவிழ்ப்பு’ என்றோ ‘போட்டி’ என்றோ எழுதிவிட்டு இந்த விதிகளை ஒருவர் எப்படி விளக்குவார்?